இருமுவதற்கு இன்னொரு ஆள்

பனியன் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருமே எதையாவது அடக்கிக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். ஷிப்மென்ட் நேரம் என்றால் பசியை, கோபத்தை, அதைவிட அதிகமாக ஒண்ணுக்கை. லைனில் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீஸ் குவிந்து கிடக்கும்போது எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்கே தெரியும்.

என் கதை கொஞ்சம் வேறு. எனக்கு அடக்கவும் முடியாது, வருவதும் தெரியாது. சாமளாபுரத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது விழுந்து, முதுகுத்தண்டில் மார்பு உயரத்தில் அடிபட்டது. அதற்குக் கீழே இருப்பதும் என் உடம்புதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கால் போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சிறுநீர்ப்பையும் இருமலும் கூடவே போனது யாருக்கும் தெரியாது. சொன்னாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். இப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் மார்க்கர் போடுகிறேன். டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் நெருக்கி அடுக்கிக் காட்டுகிற வேலை. அதைப் பார்த்துத்தான் கட்டிங்கில் வெட்டுவார்கள். வீல்சேரில் உட்கார்ந்து செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைத்திருக்காது.

ஆடிட் டாய்லெட்

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே ஒரு மெல்லிய டியூபை விட்டுச் சிறுநீரை எடுத்துவிட வேண்டும். கை கழுவ ஒரு குழாய், வீல்சேர் நுழைகிற மாதிரி ஒரு கதவு, உள்ளே திரும்ப இடம், இவ்வளவு இருந்தால் போதும். சேர்ந்த அன்று கம்பெனியைச் சுற்றி வந்தபோது அப்படி ஒன்று இருப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சரிவுப் பாதை, கைப்பிடி, கதவில் வீல்சேர் படம் எல்லாம் சுத்தமாக இருந்தன. கூடவே ஒரு பூட்டும் தொங்கியது.

ஹெச்.ஆர். சாவியோடு வந்து திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வருகிற நாளில் பெட்டிகள் வெளியே போகும், அவர்கள் காரில் ஏறியதும் திரும்ப உள்ளே வந்துவிடும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதுவரை அந்தக் கதவுக்கு உரிய ஆள் அங்கே வந்ததில்லை. ஆனாலும் நான் உள்ளே போக வேண்டும் என்றதும் மனிதர் நிஜமாகவே குழம்பிவிட்டார். பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது ஆடிட்டுக்குக் கட்டுனதுங்க, போறதுக்குக் கட்டுனதில்லீங்க."

வேர்வை

சிறுநீர்ப்பை நிறைந்தால் எனக்கு முட்டாது. அதற்குப் பதிலாகத் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவக்கும், நெற்றியில் வேர்வை கொட்டும். ரத்தக்கொதிப்பு எகிறுகிறது என்று அர்த்தம், விட்டால் ஆபத்து. அப்போது நிமிர்ந்து உட்கார்ந்து உடனே பையைக் காலி செய்ய வேண்டும், எக்காரணம் கொண்டும் படுக்கக்கூடாது என்று டாக்டர் என் மனைவி சுமதியிடம் மனப்பாடம் செய்யச் சொல்லியே அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் சென்னையிலிருந்து பையர் ஆபீஸ் மேடம் வந்து சாம்பிள் டி-ஷர்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து போவது, அதாவது உருண்டு போவது, மரியாதையாக இருக்காது என்று நானும் தள்ளிப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பதறிப்போய் என்னைத் துணி ரோல் மேலே படுக்க வைக்கத் தூக்கினார்கள். விடுங்கள், படுக்க வைத்தால் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று கத்தி, நான் சேர்ந்த பிறகு பெட்டிகளை எடுத்து எனக்கென்று திறந்துவிட்டிருந்த அந்த டாய்லெட்டுக்கே தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். வேலை முடிந்ததும் தலைவலி பறந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி திரும்பி வந்தேன். மேடம் இன்னும் பயம் தெளியாமல் சாம்பிளைக் கையிலேயே வைத்திருந்தார். "நான் கை நீளத்தைக் குறைக்கச் சொன்னதுக்கா இவ்வளவு வேர்த்தீங்க?" என்று கேட்டார்.

தண்ணீர் தடை

அன்றிலிருந்து விஷயம் ஃப்ளோர் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு ஒருவர் கஷ்டம் தெரிந்துவிட்டால் சும்மா இருக்கத் தெரியாது. மறுநாள் என் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில் காணாமல் போனது. டீ கொண்டு வருகிற பழனாத்தா அக்கா என் மேஜையைத் தாண்டிப் போனார். வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் சொம்புத் தண்ணீரை நீட்டுகிற ஊரில், எனக்கு மட்டும் பாசத்தினால் தண்ணீர் மறுக்கப்பட்டது. பாவம், குடித்தால் அவருக்குத்தானே தொல்லை என்று எல்லோரும் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, ஒரு தடவை குறைந்தால் ஒரு தடவை லாபம் என்று.

லாபம் குளிர் ஜுரமாக வந்தது. சிறுநீர் கலங்கி நாற்றம் அடித்தது, கால்கள் தாமாகவே உதறின. தண்ணீர் போகாவிட்டால் கிருமி அங்கேயே குடித்தனம் நடத்தும் என்று டாக்டர் சத்தம் போட்டார். இதைப் படிக்கிறவர்களில் தையல் லைனில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறவர்கள் இருந்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். ஜுரம் விட்டுத் திரும்பி வந்து ஃப்ளோரில் இதைச் சொன்னதும், பழனாத்தா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "இதைக் காலி பண்ணிக் குடுங்க கண்ணு, அப்புறம் போயி நீங்க காலி பண்ணிட்டு வாங்க."

கேமராவில் தெரிந்தது

இருமுவதற்கு வயிறும் விலாவும் எக்க வேண்டும் என்பது அவை வேலை செய்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்கு இருமல் வந்தால் தொண்டையில் ஒரு சின்னக் காற்று வரும், அவ்வளவுதான். சாதாரணச் சளியே தொண்டையில் உட்கார்ந்துகொண்டு மேலேயும் வராது, கீழேயும் போகாது. வீட்டில் என்றால் சுமதி இரண்டு கையையும் தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே வைத்து, நான் இருமுகிற அதே நொடியில் உள்ளேயும் மேலேயுமாக அழுத்துவாள். பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த முறை அது. கம்பெனியில் சுமதி இல்லை. அவள் மண்ணரைப் பக்கம் வேறொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.

ஒரு மத்தியானம் பஞ்சும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. குரல் போய்விட்டது. பயந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. கட்டிங் மாஸ்டர் இப்ராஹிம் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுமதிக்கு வீடியோ கால் போட்டார். இன்னும் மேலே வையுங்கள், பயப்படாதீர்கள், அவருக்கு வலிக்காது என்று அவள் அங்கேயிருந்து சொல்லச் சொல்ல, துணி அடுக்கைச் சரி செய்கிற அந்தப் பெரிய கைகள் என் வயிற்றைத் தேடிக் கண்டுபிடித்தன. மூன்றாவது அழுத்தலில் சளி வெளியே வந்தது. அதே நேரம் ஹெச்.ஆர். மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். மாற்றுத்திறனாளி ஊழியரைக் கட்டிங் மாஸ்டர் பிடித்துக் குத்துவதைக் கேமராவில் பார்த்திருக்கிறார், அடுத்த வாரம் ஆடிட் வேறு. பாய் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். "அடிக்கலீங்க சார், இரும வெக்கிறேன்."

முதலாளி வந்தார்

மழைக்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தேன். இனிமேல் பஞ்சு பறக்கிற இடத்தில் இருக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு முதலாளி இப்ராஹிம் பாயைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். சுமதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டரை வீட்டிலேயே வைத்துத் தருகிறோம், சம்பளம் அப்படியே வரும், இனிமேல் கம்பெனிக்கு வந்து சிரமப்பட வேண்டாம் என்றார். பெரிய மனசு. எந்த முதலாளி சொல்லுவார்?

சுமதி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். காலையில் அவள் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகல் முழுக்க நான் தனியாக. டியூபை நானே போட்டுக்கொள்வேன், மார்க்கரும் போட்டுவிடுவேன். இருமல் வந்தால்? அவள் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் வந்து கதவைத் திறக்கும்போது நான் இருக்க மாட்டேன். இதை எப்படி அவ்வளவு மரியாதையான மனிதரிடம் சொல்வது என்று தவித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன், "அண்ணா, எனக்கு மூச்சுத் திணறுனா அமுக்க பகல்ல இந்த ஊட்டுல ஆளே இல்லீங்க. அங்க இத்தனை பேரு இருக்கறீங்க."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். தங்கள் வீட்டில் பகலிலும் எல்லோரும் இருப்பதால், தனக்கு அது தோன்றவே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பாய், கட்டிங்குக்குப் பக்கத்து சாம்பிள் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டால் பஞ்சு வராது, கண்ணாடி வழியாக என் முகமும் தனக்குத் தெரியும் என்றார். சரி, போட்டுவிடலாம் என்று முதலாளி எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தார். "கை எங்க வெக்கோணும்னு எனக்கும் ஒருக்கா காட்டுங்க பாய், நீங்க லீவு போட்டீங்கன்னா தம்பிய யாரு பாக்கறது?"

மற்றவர்கள் தலைகாணியில் சாய்ந்தபடி ஒரு பைசா செலவில்லாமல் இருமிவிட்டுப் போகிறார்கள், எனக்கு ஒரு இருமல் இரும ஒரு பனியன் கம்பெனியே நடந்தாக வேண்டியிருக்கிறது.