இடம் ஆண், வலம் பெண்

சுனாமிக்குப் பிறகு அந்தமானின் ஹட் பேயில் எங்களுக்குக் கிடைத்தது தகரத்தில் அடித்த வரிசை வீடு. வாசலில் அம்மா ஓர் எலுமிச்சை நட்டாள். அது காய்த்ததைவிடப் புழு வைத்ததே அதிகம். ஒன்பதாம் வகுப்புப் படித்த அக்கா அந்தப் புழுக்களை பிஸ்கட் டப்பாவில் வளர்த்தாள். கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வந்ததும் நோட்டில் குறித்துக்கொண்டு பறக்கவிடுவாள். நீலம் தூவிய கறுப்பு என்றால் ஆண். வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியும் இருந்தால் பெண். செடிக்கு முட்டையிட வருவது வெள்ளைத் திட்டுக்காரிதான் என்பதை அவளே பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு பூச்சி வேறு மாதிரி வந்தது. இடப்பக்கம் முழுக்க ஆண், வலப்பக்கம் முழுக்கப் பெண். நடுவில் கோடு கிழித்ததுபோல. அது சிறகு விரித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

“ஏய், ஆம்பளயும் பொம்பளயும் ஒண்ணாடீ!” என்று அக்கா என்னைக் கிள்ளினாள்.

அதற்கு நேராகப் பறக்க வரவில்லை. நான்காம் நாள் செத்தது. அக்கா அதைத் தெர்மாகோலில் குத்தி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டாள். தேர்வானால் கப்பலில் போர்ட் பிளேருக்கு அனுப்புவார்கள். தேர்வாவதற்கு முன்பே எதிர்வீட்டில் பெட்டி இரவல் கேட்டுவிட்டாள்.

“தொட்டே, கை இருக்காது” என்று எனக்கு உத்தரவு. கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையடிப்பதற்காக எடுத்தேன். தகர வெக்கையில் பூச்சி அப்பளமாகக் காய்ந்திருந்தது. வலப்பக்கச் சிறகுகள் அடியோடு கழன்று விழுந்தன. கோந்து தடவி, அழுத்திப் பிடித்து ஒட்டினேன். வேலை எனக்கே திருப்தியாக இருந்தது.

போர்ட் பிளேரிலிருந்து வந்த நடுவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். “சிப்காயா ஹை, நா?” ஒட்டியதுதானே என்று கேட்டார். இரண்டு பூச்சியை வெட்டி ஒன்றாக்கியிருக்கிறாள் என்பது அவர் முடிவு.

“நஹீ சர், ஐசே ஹி நிக்லா” என்றாள் அக்கா, இப்படியேதான் வெளியே வந்தது என்று. எங்கள் தமிழ் ஆசிரியர் பக்கம் திரும்பி, “என் தங்கச்சியும் பாத்தா சார், அவளக் கேளுங்க” என்றாள்.

எல்லோரும் அவள் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்கள். பார்த்தேன் என்றால் அடுத்து கோந்தைப் பற்றிக் கேட்பார்கள். “தெரியாது” என்றேன்.

“உன் தங்கச்சியே தெரியாதுங்குதே?” என்றார் ஆசிரியர். பின்னால் நின்ற பையன்கள் “கோந்துக்காரி” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா நடுவரிடம் லென்ஸைக் கேட்டு வாங்கிக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

“அது சின்னப் புள்ள சார், அத விடுங்க. நான்தான் ஒட்டுனேன்.”

போர்ட் பிளேருக்குப் போனது பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த எரிமலை. பதினொன்றாம் வகுப்பில் அக்கா அறிவியல் எடுக்கவில்லை. நான் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் பிறக்கும் பூச்சிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று திருத்துவதற்கு என் மேசைக்கு வந்தது. ஆய்வாளர்களே ஆயுளில் ஒன்றைப் பார்த்தால் அதிகம் என்றிருந்தது. அதை அக்காவுக்குப் போனில் படித்தேன். “ம்” என்றாள். பிறகு பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

கண்காட்சி முடிந்து அன்று வீடு திரும்பும் வழியில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தைக் கண்டு பயந்து அக்கா பொய் சொல்லிவிட்டாள், நல்லவேளை நான் மாட்டவில்லை என்று எண்ணிக்கொண்டு, பங்கெடுத்தவர்களுக்குக் கொடுத்த அவளது சமோசாவையும் நானே தின்றேன். காய்ந்த கோந்தில் ஒரு சின்ன விரலின் ரேகை பதிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.