கீழ் லயத்து ஓம உப்பு

பதுளைக் கடைவீதியில் எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் வைரவநாதன் வாத்தியார் நிறுத்திவிடுவார். கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போகவிடுவார். பதினான்கு வருடமாக இதே பழக்கம். "ஓடிரு, வாத்தியார் கண்ணத் தோண்டப் போறாரு" என்று ஜௌபர் நானாவின் துணிக்கடை வாசலில் நிற்பவர்கள் பிள்ளைகளைச் சீண்டுவார்கள்.

சீமைக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டம் வாங்குவது பற்றி விசாரிக்க வரும் இளைஞர்களுக்கும் முதலில் இமைச் சோதனைதான். அப்புறம் ஒளிக்காமல் சொல்வார். தலைப்பைத் தருகிறவர் பேராசிரியர். அவர் போதும் என்று சொல்லும்வரை பட்டம் கிடையாது. மூன்று வருடம் என்பார்கள், ஐந்தாகும். கம்பளிக் கோட்டை இங்கே தைக்காதீர்கள், அந்தக் குளிருக்கு அது காணாது. இவ்வளவும் சொல்பவர், தம் பட்டம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொன்னதில்லை.

அது 1909. ஸ்காட்லாந்தில் அவருடைய பேராசிரியர் கொடுத்த தலைப்பு, குடலில் இருந்து ரத்தம் குடிக்கும் கொக்கிப் புழு. மருந்து ஓம உப்பு. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வைரவநாதன் வந்து இறங்கினார். கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்தாருக்கு மருந்து கொடுப்பது, கீழ் லயத்து நாற்பத்துமூன்று பேருக்குக் கொடுக்காமல் விடுவது, மாதம் ஒருமுறை எல்லோர் விரலிலும் குத்தி ரத்தத்தின் நிறத்தை ஒப்பிடுவது என்று ஒரு வருட ஏற்பாடு. இரண்டும் கலந்தால் எல்லாம் வீண், இன்னொரு தரம் தொடங்க முடியாது என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான் குத்துவார். "நம்ம ரத்தம் கப்பலேறுது, நமக்குத்தான் டிக்கெட்டு இல்ல" என்று பெண்கள் சிரித்துக்கொண்டே விரல் நீட்டினார்கள். வருடம் முடிந்ததும் கீழ் லயத்துக்கும் மருந்து உண்டு என்று அவர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

எட்டாம் மாதம், கீழ் லயத்து வடிவம்மாவின் மகள் பூவம்மா விரல் நீட்டினாள். ஒன்பது வயது. காகிதத்தில் விழுந்த துளி மற்றவர்களுடையதைவிடச் சிவந்திருந்தது. குனிந்தபோது அவள் வாயில் ஓம வாசம். மேல் லயத்தில் வடிவம்மாவின் தங்கை இருந்தாள். அவள் தன் பங்கை விழுங்காமல் ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து அடித்திருக்கலாம். ஆனால் இன்று ஒருத்தி, நாளை பத்துப் பேர் என்றால்? வைரவநாதன் பெரிய கங்காணி வீரசிங்கத்திடம் போனார்.

"கீழ் லயத்துக்கு மருந்து போயிருக்கு, கங்காணி. இனிமே போகாமப் பாத்துக்கங்க."

"யாரு வீட்டுக்குன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

சொன்னார்.

மறுநாள் பெரட்டில் வீரசிங்கம் வடிவம்மாவை முடியைப் பிடித்து முன்னால் இழுத்தான். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையை உயர்த்தினாள்; மணிக்கட்டு முறிந்த சத்தம் பத்தடி தள்ளி நின்ற வைரவநாதனுக்குக் கேட்டது. விழுந்தவளை விலாவில் மிதித்தான். மேல் லயத்து வரிசையிலிருந்து ஓடிவந்த தங்கையின் முகத்தில் தடி விழுந்து உதடு கிழிந்தது. மகள் மண்ணில் புரண்டு கதறினாள். மீதியிருந்த மருந்துப் பொட்டலத்தைப் பிடுங்கிச் சேற்றில் போட்டுத் தேய்த்தான். "நிறுத்து" என்ற ஒரு சொல் போதும். துரையின் விருந்தாளி சொன்னால் கங்காணி கேட்டிருப்பான். வைரவநாதனின் கையில் நோட்டுப் புத்தகம் திறந்தே இருந்தது.

அடுத்த மாதமும் வடிவம்மா வரிசையில் வந்தாள். வலது கை மரவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கோணியிருந்தது. இடது கையை நீட்டினாள்.

"இதுல எடுத்துக்கங்கய்யா. வருசம் முடிஞ்சா தருவீங்கதானே?"

"தருவேன்."

அதன்பிறகு எவரும் மருந்து ஒளிக்கவில்லை. கீழ் லயத்தில் ஐந்து பேர் வெளுத்து வீங்கிச் செத்தார்கள். மூன்றாவது, பூவம்மா. அட்டவணையில் அவளை 'விடுபட்டோர்' பத்தியில் எழுதினார். வருடம் முடிந்த வாரத்திலேயே பேராசிரியரிடமிருந்து தந்தி, உடனே புறப்படு என்று. மருந்து பற்றித் துரையிடம் சொன்னார். சோதனைதான் முடிந்துவிட்டதே என்றார் துரை. கப்பலைத் தவறவிட முடியாதென்று வைரவநாதன் கிளம்பிவிட்டார். கீழ் லயத்து எண்கள் மிகச் சுத்தமாக இருக்கின்றன என்று பேராசிரியர் பாராட்டினார். பட்டம் வந்தது.

1913இல் பதுளைக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பசறை போய்வர ஒரு நாள் போதும். போனால் வடிவம்மாவின் கையைப் பார்க்க வேண்டும். அந்தப் பயமா, அல்லது பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்ட பிறகு மறப்பது எளிதாகிவிட்டதா? அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

கடைசியாக யோசனை கேட்டு வந்த இளைஞன் அவருடைய ஆய்வைப் படித்திருந்தான். அந்த ஜனங்களெல்லாம் பிற்பாடு தேறினார்களா என்று கேட்டான்.

"மேல் லயம் தேறிருச்சு."

"கீழ் லயம், சார்?"

கம்பளிக் கோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

1927 மாசியில் வைரவநாதன் இறந்தார். கீழ் லயத்தில் மிஞ்சிய முப்பத்தெட்டுப் பேருக்கு அவர் தருவதாகச் சொன்ன மருந்து அதுவரை போய்ச் சேரவில்லை.