தலைதீபாவளிப் பத்தியம்

பண்டிகைக் காலத்தில் வாயைக் கட்டுவது பற்றி யாரும் எனக்கு உபதேசம் செய்ய வேண்டாம். ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், எங்கள் தெருவில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுகிறார்கள். இனிப்பைக் குறையுங்கள், காலையில் எழுந்து நடங்கள் என்கிறார்கள். நான் குறைக்காததா, நடக்காததா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்யாணமான முதல் தீபாவளியிலேயே இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். அதற்கு மாமனார் வீட்டில் எனக்குக் கிடைத்த பெயர் பேராசைக்காரன். அந்த வீட்டார்மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் ஓசூர். வேலை பெங்களூரில், ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுவது. வைகாசியில் கல்யாணம். பெண் வீடு பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் ராகிக் காடு, ஒரு ஜோடி உழவு மாடு, வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு. ஆவணியில் எனக்குக் காமாலை கண்டது. கண்ணெல்லாம் மஞ்சள், சோற்றைப் பார்த்தாலே குமட்டல். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மனிதருக்கும் இதே வியாதி. எனக்கு முன்னால் தேறி வீட்டுக்குப் போனார். போன கையோடு தங்கை கல்யாணத்தில் நெய்யும் கறியுமாக வெளுத்துக்கட்டிவிட்டு அதே வாரம் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தார். பிறகு அவர் வீட்டுக்குப் போகவே இல்லை. அவர் பெண்டாட்டி வராந்தாவில் உட்கார்ந்து அழுதது எனக்கு உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

என்னை அனுப்பும்போது டாக்டர் அந்தக் காலிக் கட்டிலைக் காட்டித்தான் பேசினார். "தை மாசம் வரைக்கும் எண்ணெய், நெய், மாமிசம் எதையும் தொடாதே. களி, மோர், வேகவெச்ச காய், அவ்வளவுதான். படுத்தே கிடக்காதே, காலையிலயும் சாயங்காலமும் மெதுவா நட. ரெண்டாம் தடவை இது வந்தா என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை."

சொன்ன காலத்தைப் பாருங்கள். ஆயுதபூஜை, தீபாவளி, கார்த்திகை, அவரைக்காய் சீசன், பொங்கல், எல்லாம் அந்தச் சில மாதங்களுக்குள்தான் வந்து விழுகின்றன. இருந்தாலும் நான் பயந்தவன். உயிர் மேல் எனக்கு ஆசை இருந்தது. என் மனைவியும் கண்டிப்பாக இருந்தாள். அவள் கையால் தாளிக்காத குழம்பும் களியும் சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு மெல்லத் தேறி வந்தது.

தலைதீபாவளிக்கு அழைக்க மாமனாரே பெங்களூருக்கு வந்தார். அப்போதே அவரிடம் விவரமாகச் சொன்னேன். "மாமா, நான் அங்க வந்து எதையும் சாப்பிட முடியாது. களிதான்." அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். நல்ல மனிதர், புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் கஜ்ஜாயம். அரிசி மாவை வெல்லப்பாகில் பிசைந்து பொரித்து எடுப்பது. மற்ற ஊர்க்காரர்கள் அதிரசம் என்பார்கள். நோன்புக்கு அதைத்தான் கூடையில் அடுக்கிச் சாமிக்கு வைப்பார்கள். மாப்பிள்ளை வந்திருக்கிறேன் என்று மாமியார் எண்ணெயை ஒதுக்கிவிட்டு நெய்யிலேயே சுட்டிருந்தார். அது போதாதென்று ஒப்பிட்டு என்கிற போளி, வடை. மறுநாளைக்கென்று ஒரு கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

"எனக்குக் களியும் மோரும் போதுங்க அத்தை" என்றேன்.

மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "பண்டிகை நாளும் அதுவுமா களியா? தலைதீபாவளிக்கு வந்த மாப்ளைக்குக் களி போட்டேன்னு சொன்னா ஊரு என் மொகத்துல காறித் துப்பாதா?"

"காமாலைங்க. டாக்டர் நெய்யே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அதான் போயிடுச்சில்ல? கண்ணு வெள்ளையாத்தான இருக்குது. எங்க ஊர்ல கீழாநெல்லி அரைச்சிக் குடுத்து, பத்தியம் முறிச்சி, அடுத்த வாரமே கறி திம்பாங்க."

என் மனைவி குறுக்கே வந்து, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் செத்த கதையைச் சொன்னாள். நல்ல நாளில் சாவைப் பற்றிப் பேசுகிறாள் என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. கடைசியில் களி வந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த வேகத்தில் இலை கிழிந்தது.

சாயங்காலம் மூத்த மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். என் மனைவிக்கு அண்ணன், ஊரில் பெரிய புத்திசாலி என்று தன்னைப் பற்றி நினைப்பு. வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைத் தட்டிக் காட்டினார்.

"இது என் தலைதீபாவளிக்கு வந்தது மாப்ள. நானும் இப்பிடித்தான், வயித்து வலின்னு சொல்லி எலையிலயே உக்காரல. மாமனார் ஆடிப்போயிட்டாரு. மறுநாளே சைக்கிள் வந்துடுச்சி. உங்களுக்கு என்னா வேணும்னு என்கிட்ட சொல்லுங்க, அப்பாகிட்ட நான் பேசறேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். உசுரு வேணும்."

"நானும் ஒண்ணும் வேணாம்னுதான் சொன்னேன்" என்று சொல்லி அவர் கண்ணடித்தார். பளார் என்று ஒன்று விட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை மரியாதை கருதிச் சும்மா இருந்தேன்.

நடக்கப் போனதும் வினையாகத்தான் முடிந்தது. அந்தப் பக்கத்தில் ஐப்பசிக் காலை என்றால் பனி முகத்தில் அறையும். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பேரிகை ரோட்டில் மெதுவாக நடப்பேன். அந்த ஊரில் வேலை இல்லாமல் நடக்கிறவன் எவனும் கிடையாது. காட்டுக்குப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள், தண்ணீருக்குப் போவார்கள். நான் எங்கேயும் போகாமல், போன வழியே திரும்பி வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள்.

"எங்க மாப்ள, எங்க போயிட்டு வர்றீங்க?"

"எங்கயும் இல்லீங்க, சும்மா நடக்கறேன்."

"சும்மா என்னாத்துக்கு நடக்கணும்?"

அவர்களுக்கு நான் என்ன சொல்ல? டாக்டர் என்றேன், ஈரல் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள், பாவம், புது மாப்பிள்ளையைக் கால்நடையாக விட்டிருக்கிறார்களே என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் மறுபடி நடந்தேன். ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்குள் வந்தபோது மச்சான் தன் அப்பாவிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியாது என்று நினைப்பு. லேத்தில் எனக்கு இரண்டு பக்கமும் தெலுங்குக்காரர்கள்தான். "சைக்கிலு அடுகுதுன்னாடு" என்றார். சைக்கிள் கேட்கிறானாம். நான்! எனக்குச் சைக்கிள் விடவே தெரியாது.

"யார் கேட்டா? நான் கேட்டேனா? என் வாயால கேட்டேனா?" என்று கத்தினேன். கத்தியது தப்பாகப் போயிற்று. கோபப்படுகிறான், அப்படியானால் விஷயம் உண்மைதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மாமனார் மட்டும் வழக்கம்போல் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் நான் நடந்து திரும்பும்போது எதிரே மாமனார் வந்தார். கையில் கயிறு, பின்னால் உழவு மாட்டில் ஒன்று. அதன் கொம்புக்கு எண்ணெய் தடவி நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது.

"மாமா, மாட்டை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

"சந்தைக்கு."

"ராகி அறுப்பு வருதே. ஒத்தை மாட்டை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"அத நான் பாத்துக்கறேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சைக்கிள் வேணும்னா வாய் தெறந்து கேட்டிருக்கலாம் மாப்ள. தெனமும் ரோட்டுல நடந்து நடந்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்க வேணாம்."

எனக்கு அழுகை முட்டியது, அவரை அறையவும் வேண்டும்போல் இருந்தது. ரோட்டிலேயே நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். டாக்டரைச் சொன்னேன், செத்தவரைச் சொன்னேன், பெங்களூருக்கு வந்தபோது அவரிடமே சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு மாட்டை இழுத்தார்.

"நான் என்ன செஞ்சா நம்புவீங்க மாமா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "எங்க ஊட்டு எலையில உக்காந்து மனசார சாப்புடுங்க. இப்பவே மாட்டத் திருப்பிக்கினு வந்துடறேன். என் பொண்ணு உங்க ஊட்டுல நிம்மதியா இருக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சாப்பிட்டால் செத்துப்போவாய் என்று டாக்டர் சொல்கிறார். சாப்பிடாவிட்டால் மாட்டை விற்பேன் என்று இவர் சொல்கிறார். மாடு பாட்டுக்கு ரோட்டோரத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அந்த மனிதரின் வருஷச் சாப்பாடே அந்த ஜோடியை நம்பித்தான் இருந்தது. எனக்கென்று அதை விற்றுவிட்டு அவர் வீட்டில் கஞ்சி குடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே சமயம், இப்படி ஒரு முடிச்சில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திய அந்தக் குடும்பத்தை வாய்விட்டுத் திட்டாமலும் இருக்க முடியவில்லை. திட்டிக்கொண்டேதான் அவர் பின்னால் வீட்டுக்குப் போனேன்.

இலை போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மாமியார் முகமெல்லாம் சிரிப்பாகக் கஜ்ஜாயத்தை எடுத்து வைத்தார். விரலில் நெய் வழிந்தது. பக்கத்தில் கோழிக் குழம்பு. என் மனைவி ஓடிவந்து இலையைப் பிடித்து இழுத்தாள்.

"இவர் செத்தா தாலி அறுக்கப்போறது நானு. நீங்க யாரும் இல்ல. விடுங்க இவர."

"வாயக் கழுவுடி" என்று மாமியார் அவள் கையில் ஓங்கி அடித்தார்.

"உள்ள போ" என்று நானும் அவளை அதட்டினேன். வாசலில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமனார் நின்றார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கட்டமாட்டார் என்று தெரிந்தது. சாப்பிட்டேன். முதல் கஜ்ஜாயம் தொண்டையில் நின்றது. மோரைக் குடித்து இறக்கினேன். கேட்டு வாங்கி இன்னொன்று சாப்பிட்டேன், கோழியும் சாப்பிட்டேன். அவ்வளவு வெறுப்போடு நான் எதையும் சாப்பிட்டதில்லை. மாமனார் மாட்டை மரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனவன் அங்கேயே எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா? வாய்ல போட்டுட்டு வந்து துப்பறாரு."

மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டோம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. போகும்போது திரும்பிப் பார்த்தேன், மாடு கட்டின இடத்தில்தான் இருந்தது. அந்த ஒரு நிம்மதியோடுதான் பஸ் ஏறினேன்.

பெங்களூர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கண் மறுபடி மஞ்சளானது. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு என் மனைவியை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனார். அவள் திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிழைப்பேனா மாட்டேனா என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை.

அப்படி ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் மாமனார் தனியாக வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, ஒரு முழங்காலில் அடிபட்டுத் தோல் உரிந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று என் மஞ்சள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போதாவது இந்த மனிதருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஐயோ மாப்ள, தப்புப் பண்ணிவிட்டோமே என்று சொல்லுவார், நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவர் குனிந்து, பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்காதபடி என் காதருகே பேசினார்.

"சைக்கிள் கொண்டாந்துட்டேன் மாப்ள. பஸ் மேல போட்டு எடுத்தாந்தேன். எனக்கு விடத் தெரியாது, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தள்ளிக்கினே வந்தேன். கேட்டுல நிக்கிது. அது போதலன்னா சொல்லிடுங்க, இப்பிடிப் படுத்துக்காதீங்க. இன்னொரு மாடு இருக்குது."