சடங்குக்காகப் பிரித்த மாவுக்கட்டு

மாவுக்கட்டைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் கை பார்க்கச் சகிக்காது. தோல் வெளிறி, செதில் செதிலாக உரிந்து, பழைய வியர்வை நாற்றம் அடிக்கும். திருவண்ணாமலையில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதும் பிரிப்பதும்தான் என் பிழைப்பு. எத்தனை கை, எத்தனை கால் என்று கணக்கே கிடையாது. எதுவும் மனதில் நிற்பதில்லை. கீழ்பென்னாத்தூரில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், பழைய செய்தித்தாள் மேல் வைத்து நான் பிரித்த ஒரு கை மட்டும் நிற்கிறது. என் அக்கா மகளின் இடது கை.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. சைக்கிளில் இருந்து விழும்போது கையை ஊன்றிவிட்டாள். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அக்கா, மணிக்கட்டுப் பக்கம் இருந்த கறுப்புக் கோட்டைக் காட்டி, "ஐயோ, ரெண்டா உடைஞ்சிருக்கேடா" என்று கத்தினாள். எல்லாப் பெற்றோரும் அதைப் பார்த்துத்தான் கத்துவார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "அது உடைசல் இல்லம்மா. வளர்ற பிள்ளைங்க எல்லாருக்கும் இருக்கும். அங்க இருக்கறது குருத்து. எலும்பு நீளமாகறதே அதுலேர்ந்துதான். இவளுக்கு அந்தக் குருத்து ஓரத்துலயே அடிபட்டிருக்கு. அதான் பயமா இருக்கு. நாலு வாரம் கட்டைத் தொடக்கூடாது." கையை நேராக்கி அவர் பிடித்துக்கொள்ள, நான்தான் கட்டுப் போட்டேன். அந்த நாலு வாரம் என்ற வார்த்தையை அக்காவோடு சேர்ந்து நானும் கேட்டேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

விழுந்து நாலாம் நாள் அவள் வயதுக்கு வந்துவிட்டாள். பதினோராம் நாள் சடங்கு என்று முடிவானது. மண்டபம் பிடித்து, பிளக்ஸ் அடித்து, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. நான் தாய்மாமன். என் சீர்தான் முதல் சீர், என் வளையல்தான் முதல் வளையல். "ரெண்டு கையிலயும் வளையல் போடணும்டா. ஒத்தக் கையில போட்டா அமங்கலம்னு பேசுவாங்க. கட்டோட போட்டோ எடுத்தா காலத்துக்கும் அப்படியே நிக்கும். நீ கட்டு போடுறவன்தானே? ஒரு நாளைக்கு எடுத்துட்டு மறுபடி போட்டுட மாட்டியா?" என்றாள் அக்கா.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் கெட்டிக்காரன் ஆகிற ஆசை. கட்டுப் போட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, ஆஸ்பத்திரிக் கத்தரியால் வெட்டிப் பிரித்தேன். மண்டபத்தில் அத்தைமார்களும் சித்திமார்களும் கண்ணாடி வளையலை அமுக்கி அமுக்கி ஏற்றினார்கள். மணையிலிருந்து எழுப்ப யாரோ அந்தக் கையையே பிடித்து இழுத்தார்கள். சாயங்காலம் பார்த்தால் மணிக்கட்டு வீங்கி, லேசாக வளைந்திருந்தது. அப்போதாவது டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். நானே இழுத்து நேராக்கி, நானே கட்டுப் போட்டுவிட்டேன். நாள் கணக்கு முடிந்து பிரித்தபோது கை நேராகத்தான் இருந்தது. எல்லோரும் மறந்துவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, கை கட்டைவிரல் பக்கம் சாய்ந்திருப்பதை அக்கா பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. முன்கையில் அடிபட்ட எலும்பு வளர்வதை நிறுத்திவிட்டது, பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போய்விட்டது. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சடங்குக்கு ரெண்டு கையிலும் வளையல் போட்டதை உளறிவிட்டு அக்கா வெளியே போனதும் என்னிடம் கேட்டார்.

"நடுவுல யாருப்பா பிரிச்சது?"

சொன்னேன்.

"இழுத்தியா?"

"கொஞ்சமா இழுத்தேன் மேடம்."

"பதினஞ்சு நாள் கழிச்சா? நானே பயப்படுவேனேப்பா அதைத் தொட." பழைய படத்தை உறைக்குள் போட்டார். "விழுந்தப்பவே குருத்து போயிருக்கலாம். நீ இழுத்ததுல போயிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூடச் சரிதான். இந்த 'சொல்ல முடியாது' இருக்கிறதே, அதுதான் என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. வீட்டில் அக்கா, "சடங்குல எவ கண்ணு பட்டுச்சோ" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். காதுகுத்துக்கு, கல்யாணத்துக்கு, போட்டோவுக்கு என்று குழந்தைகளின் கட்டை ஒரு வாரம் முன்னாலேயே எடுக்கச் சொல்கிறார்கள். நான் கத்துகிற கத்தலில் வெளி வராந்தாவில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். முரடன் என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் அக்கா மகள் வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கல்லூரி முடிக்கப் போகிறாள். துணி பிழிந்தால் வலி, குடம் தூக்கினால் வலி. நீண்டுபோன எலும்பை வெட்டிக் குறைக்க ஆபரேஷன் நாள் குறித்தாயிற்று. அதற்கு மேலும் என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. பிரித்தது, இழுத்தது, டாக்டர் கேட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

"தெரியும் மாமா."

"யாரு சொன்னது? அம்மாவா?"

"யாரு சொல்லணும்? என் கைதானே. நீங்க இழுத்தப்ப நான் அங்கதானே இருந்தேன்." பிறகு கேட்டாள்: "பிரிக்காதீங்க மாமா, வலிக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேனே, அது ஞாபகம் இருக்கா?"

எனக்கு அந்தச் செய்தித்தாள் ஞாபகம் இருக்கிறது. வெந்நீர் வைத்த பாத்திரம், வளையலின் பச்சை நிறம், கட்டிலிருந்து வந்த நாற்றம் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு தேடியும் அவள் குரல் மட்டும் அதில் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.

"'சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்'னீங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. பையை எடுத்து வலது தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டாள். ஆபரேஷனுக்குக் கூட வரட்டுமா என்று வாசல் வரை போய்க் கேட்டேன்.

"யோசிச்சு சொல்றேன் மாமா" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.