அட்டையில் அச்சாகாத வசனங்கள்

பொன்சிங் என்று பெயரைச் சொன்னால் சிங்கப்பூரில் பாதிப் பேர் முதலில் அவர் தலையைத்தான் பார்ப்பார்கள், தலைப்பாகை எங்கே என்று. தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "மிஸ்டர் சிங்" என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறார். அடுக்குமாடி வீடுகளின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது வேலை. மனைவி ஹெப்சி முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். பாசிர் ரிஸில் வாடகை வீடு.

வந்து பதினைந்து வருஷமாகியும், ஊருக்குச் சாமான் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். என்றைக்குக் கிளம்பச் சொல்வார்களோ, அன்றைக்குப் பெட்டி தேடி அலையக் கூடாது பாருங்கள். வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கலாமா என்று ஹெப்சி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். "பி.ஆர். கிடைக்கட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்" என்பதுதான் எப்போதும் பதில். நிரந்தரவாசம் கிடைக்காதவன் செடி வைத்து என்ன செய்ய என்பது அவருடைய கணக்கு.

வேதாகமத்தோடும் அவருக்கு அப்படி ஒரு வாடகை உறவுதான். வருஷா வருஷம் ஜனவரியில் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். படைப்பும் பெருவெள்ளமும் ஜோராகப் போகும். எகிப்திலிருந்து ஜனங்கள் கிளம்பும்வரை கூடவே நடப்பார். அப்புறம் கூடாரத்துக்கு எத்தனை பலகை, எத்தனை வளையம் என்று வரும். அதையும் தாண்டினால் பலிகள், தோல் நோய், வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூசணம். சீனப் புத்தாண்டுக்குள் ஆள் அவுட். மிச்ச வருஷம் முழுக்க அவருக்கு வேதம் என்பது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஒரு அட்டைதான்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவில் இருக்கும் அவர்களுடைய தமிழ்ச் சபையில், புது வருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குத் தந்த வாக்கு. இந்த வருஷம் பொன்சிங்குக்கு வந்தது எரேமியா தீர்க்கதரிசி மூலம் கடவுள் சொன்ன ஒரு வசனம். உங்களைப் பற்றி நான் நினைப்பதெல்லாம் நல்லதுதான், நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்கிற அர்த்தத்தில், ஒரு அருவிப் படத்தின் மேல் அச்சாகியிருந்தது. வாசித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. எதிர்பார்த்திருக்கும் முடிவு வேறென்ன, பி.ஆர்.தானே.

ஜூலையில் பி.ஆர். விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இந்த முறையும் இல்லை.

அதே வாரம் கோயம்புத்தூரில் ஒரு லிஃப்ட் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வேலை தயார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே வேலை அனுமதி இன்னும் இருந்தது, ஆனால் மனசு விட்டுப்போயிருந்தது. பொன்சிங் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பி.ஆர். இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். கடவுள் எழுதிக் கொடுத்ததே பொய்த்துப்போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை சுவா சூ காங்கில் வேலை. மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட இருந்தவர் நூருல் அமீன், கீழக்கரைக்காரர், பல வருஷமாகச் சேர்ந்து வேலை பார்ப்பவர்.

"என்ன சிங்கு, மூஞ்சி தொங்குது?"

பொன்சிங் அட்டையை எடுத்து நீட்டினார். நூருல் அமீன் நாசி லெமாக் சோறு பட்ட விரல்களைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார்.

"இது யாருக்குச் சொன்னது?"

"யாருக்குன்னா? எனக்குத்தான் பாய். நான்தானே எடுத்தேன்."

"அதில்ல லா. மொதமொதல்ல யாருக்குச் சொன்னது, எப்ப சொன்னது? எங்க மதரசாவுல ஒரு வசனம் ஓதினா, அது எந்தச் சமயத்துல இறங்குச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க. முன்ன பின்ன பார்க்காம அர்த்தம் சொல்ல விடமாட்டாங்க."

பொன்சிங்குக்குச் சுருக்கென்றது. ஏழாம் மாடிக் கதவு திறக்கவில்லை என்றால் ஏழாம் மாடியை மட்டும் பார்க்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. அடிக்குழியிலிருந்து பார்த்துக்கொண்டே மேலே வர வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே படித்துப் படித்துச் சொல்வது இது. வேதத்தில் மட்டும் இத்தனை வருஷமாக ஏழாம் மாடியிலேயே நின்றிருக்கிறார்.

கைப்பேசியில் அந்த அதிகாரத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார். யார் பேசுகிறார், யாரிடம், என்ன நடந்த பிறகு என்று ஒவ்வொரு வரியிலும் நின்று கேட்டுக்கொண்டார்.

அது ஒரு கடிதம். பாபிலோன் ராஜா பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எழுதியது. அது அவர்கள் ஊர் அல்ல, அவர்கள் பாஷை அல்ல. சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று அவர்களுக்கு ஆசை காட்ட அங்கே ஆட்கள் இருந்தார்கள். கடிதம் அதைக் கேட்காதீர்கள் என்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள் என்கிறது. தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். போய்ச் சேர்ந்த அந்த நகரம் நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளுங்கள், அது நன்றாயிருந்தால் நீங்களும் நன்றாயிருப்பீர்கள். ஊர் திரும்புவது எழுபது வருஷம் கழித்து. இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் அருவிப் பட வசனம் வருகிறது.

எழுபது வருஷம். கடிதத்தைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊரிலேயே செத்திருப்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் உங்களைப் பற்றி நல்லதே நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது.

பொன்சிங்குக்கு உடம்பு சிலிர்த்தது. அவரை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, தானாக விமானம் ஏறி வந்தவர்தான். ஆனாலும் கட்டிலுக்கடியில் பெட்டி மடித்து வைத்திருக்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கடிதம், எந்த நாட்டுக்காரருக்கோ எழுதியது, மசகெண்ணெய் வாடை அடிக்கும் இந்த அறை வரைக்கும் வந்துவிட்டதே. பெரியவர் ஒருவர் உள்ளே வந்தால் தன்னையறியாமல் எழுந்திருப்போமே, அப்படி எழுந்து நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் நூருல் அமீன்.

"வந்த ஊர்ல செடி வைக்கச் சொல்லியிருக்கு பாய்."

"வைக்க வேண்டியதுதானே. இதுக்கா சோத்தை விட்டு எந்திரிச்சீங்க?"

பொன்சிங் சிரிக்கவில்லை. கதவைத் தள்ளி வெளியே போய் நின்றார். கண்ணுக்கெட்டிய தூரம் அடுக்குமாடிகள், மாடி மாடியாகக் கதவுகள். இந்த ஊரில் எத்தனையோ முறை முழங்கால் போட்டிருக்கிறார், எல்லாம் எனக்குக் கொடு என்றுதான். இந்த ஊருக்காக ஒரு தடவைகூட வேண்டிக்கொண்டதில்லை. இப்போது தட்டுத் தடுமாறி வேண்டினார். லிஃப்ட் நின்றால் அவரைத் திட்டும் பதினோராம் மாடிச் சீனத்து அம்மாவுக்காக, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்காக, சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களுக்காக. அந்த ஜெபத்தில் பி.ஆர். வரவே இல்லை. அதை அவர் பிறகுதான் கவனித்தார்.

சாயங்காலம் ரயிலில் வரும்போதே கோயம்புத்தூருக்கு, வரவில்லை, மன்னிக்கவும் என்று செய்தி அனுப்பிவிட்டார்.

ஹெப்சி வேலை முடிந்து வந்தபோது வாசலில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. கைப்பை தோளிலிருந்து நழுவ, அப்படியே நின்றுவிட்டாள்.

"பி.ஆர். கெடச்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப இது?"

"இதை முதல்லயே வெச்சிருக்கணும் ஹெப்சி. உள்ள வா, ஒரு கடிதம் வாசிச்சுக் காட்டுறேன்."

தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து நடைபாதையில் ஓடத் தொடங்கியது. பொன்சிங் உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, கிழித்து, தொட்டிக்கு அடியில் விரித்தார். அட்டை மெல்ல நனைந்து கறுத்தது. ஹெப்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.