புதுச்சேரி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போய்விட்டு வந்தேன். நானா? ஆமாம், நானேதான்! உத்திரமேரூர் எல்லையைத் தாண்டினாலே காய்ச்சல் வருகிற ஆள் நான் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் ரைஸ் மில்லில் எல்லாரையும் டூர் கூட்டிப் போனார்கள். பஸ், சாப்பாடு எல்லாம் முதலாளி செலவு. ஒரே ஓர் ஏற்பாடுதான் எனக்கு இடித்தது — தொழிலாளிக்கு ஒரு சீட்டு, வீட்டுக்காரிக்கு ஒரு சீட்டு.

எனக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் தலை நிமிராமலே காபி குடித்துவிட்டு வந்தவன், என்னத்தைச் சொல்ல?

மேஸ்திரி கேட்டார்: "உன் கூட யாருப்பா வர்றது?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப அந்த சீட்டு சும்மாதானே கீது? புளிசோத்து அண்டாவ வெச்சிக்கலாம்."

வைத்தும் விட்டார்கள்! விடியற்காலையில் கிளம்பிய பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் அண்டா. பஸ் திரும்பும்போதெல்லாம் அது என்மேல் சாய்ந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன்... வேறென்ன செய்ய?

பின் சீட்டில் முனுசாமி. மில்லில் என்னோடு மூட்டை தைக்கிறவன். வாய் சும்மா இருக்காது.

"இன்னாண்ணே, அண்ணி ரொம்ப சூடா கீறாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அவன் மனைவி சரசு, அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "சும்மா இருய்யா. அந்த மனுசன பேஜார் பண்ணாத."

நானும் சிரித்தேன். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். இது என் அனுபவம்.

புதுச்சேரி அழகான ஊர்தான். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி நேராக இருக்கின்றன. தெருவுக்குத் தெரு அவன் பாஷையில் பெயர்ப் பலகை — அஞ்சாவதோடு நின்ற எனக்கும், பி.ஏ. படித்த எங்கள் கணக்குப்பிள்ளைக்கும் அங்கே ஒரே நிலைமை! போலீஸ்காரருக்குச் சிவப்புத் தொப்பி. கடையில் கை நீளத்துக்கு ஒரு ரொட்டி. முனுசாமி அதைத் தட்டிப் பார்த்து, "இத்த கடிக்கறதா, இத்தால அடிக்கறதா?" என்று கேட்டான்.

கடற்கரையில் எல்லாரும் ஜோடி ஜோடியாகப் பாறைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அவர்கள் செருப்புக்குக் காவல். கடலைப் பார்த்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் "அடேயப்பா!" என்று சொல்லத் தோன்றுகிறது இல்லையா? நானும் சொன்னேன். யாரிடம்?

என் ஆசை ரொம்பச் சின்னது. சாப்பாடு முடிந்ததும் அண்டாவைக் கழுவி பஸ் கூரையில் ஏற்றிவிடுவார்கள். திரும்பும்போது அந்த சீட்டில் யாராவது... யாராவது ஒருவர் உட்கார வேண்டும். வாய்விட்டுக் கேட்பேனா? மாட்டேன்.

சாயங்காலம் பஸ் ஏறினோம். "அண்ணே, இங்க பைய வெச்சிக்கட்டா?" என்று ஒருவர் கேட்டார். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "ஆள் வருது" என்று சொல்லிவிட்டேன்.

எந்த ஆள்?

கடைசியாக வந்தவன் முனுசாமி. அவனுக்கு முன்னால் வாடை வந்தது. புதுச்சேரியில் எது மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரசு எழுந்துவிட்டாள். "புள்ளைக்குச் சட்டை வாங்கறேன்னு போயி, குடிச்சிட்டா வர்ற? உன் பக்கத்துல எவ உக்காருவா?"

விடுவிடுவென்று முன்னால் வந்தாள். "நகுந்துக்கண்ணே!"

நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

திண்டிவனம் வரை புருஷனுக்கு அர்ச்சனை. நான் "உம்" மட்டும் போட்டேன். அப்புறம் கோபம் தணிந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பையனுக்குக் கணக்கு வரவில்லை, அவளுக்கு முட்டி வலி... திடீரென்று கேட்டாள்: "வூட்ல யாருண்ணே உனக்கு சோறாக்கறது?"

"நானேதாம்மா."

"இன்னா கொழம்பு வெப்ப?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. "கருவாட்டுக் கொழம்பு" என்றேன்.

"மாங்கா போடுவியா?"

"மாட்டேம்மா. கொழகொழன்னு ஆயிடும்."

"ஐய, கடைசியில போடணும்ணே! அதுகூடத் தெரியாம இன்னா கொழம்பு வெக்கற நீ?"

விடுவேனா? கத்திரிக்காய் போட்டால் என்ன ருசி, பழைய புளி போட்டால் என்ன ருசி என்று பேசினேன். தொண்டை வறண்டுபோகிற அளவுக்குப் பேசினேன் என்றால் நம்புவீர்களா?

மதுராந்தகம் தாண்டியதும் பின்னால் 'ணங்' என்று சத்தம். முனுசாமி தூக்கத்தில் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டிருந்தான். ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? சரசு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது. மறுபடியும் பார்த்தாள்.

"மண்டைய இட்ச்சிக்கினு கீது பாரு, ஜென்மம்!"

எழுந்து போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் தலை அவள் தோளில் இருந்தது.

நல்லதுதான். குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கும் சந்தோஷமே.

ஆனாலும் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் — அந்தச் சண்டை உத்திரமேரூர் வரைக்குமாவது தாங்கியிருக்கக் கூடாதா?