பங்களாத் தொட்டித் தண்ணீர்

வாடகைக்கு ஆயில் என்ஜின் விட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்: கிணறு வற்றினாலும் நம் தலைதான் உருளும், வற்றாவிட்டாலும் நம் தலைதான். உத்திரமேரூர் பக்கம் கரண்ட் மோட்டார் அதிகம் வராத காலம் அது. தூர் எடுக்கிற கிணறுகளுக்கெல்லாம் எங்கள் என்ஜின் மாட்டுவண்டியில் போகும். ஓட்டுவது என் வீட்டுக்காரர். எது உடையும், எது கழலும் என்று கவலைப்படுவது நான். ஒரு சித்திரையில், மாகறல் போகிற வழியில் இருந்த பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். பட்டணத்தில் படிக்கிற மகன் லீவில் நீந்துவதற்காகப் பங்களா அய்யா தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார். தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது, இறைத்துக் காலி செய்ய வேண்டும்.

அய்யாவின் பயம்

வண்டியை விட்டு இறங்கியதுமே பக்கத்துக் காலனி கன்னியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் விளைச்சலில் பங்கு தருவதாக அவள் வாரத்துக்குப் பயிர் வைத்த கேழ்வரகு, கதிர் வாங்குகிற நேரத்தில் சுருண்டு கிடந்தது. ஊரில் கிணறெல்லாம் தரை தட்டிவிட்டது. ஒரு தடவை பாய்ந்தால் வீட்டுக்குக் கூழ் ஆகும், இல்லாவிட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான் என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் வெளியே கொட்டும் ஓஸ் குழாயை வேலிப் பக்கம் திருப்பட்டுமா என்று அய்யாவிடம் கேட்டேன். ரோட்டோரக் கால்வாயில்தான் விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். "இன்னிக்கு விட்டா, நாளைக்கு எங்க பாத்தியதை, எங்க உரிமைன்னு கோர்ட்டுல வந்து நிப்பாங்கம்மா."

மொண்டு ஊற்றிய கதை

என்ஜின் தண்ணீரை இழுக்க வேண்டுமானால் முதலில் குழாய் நிறைய நாம் ஊற்ற வேண்டும். அடியில் இருக்கிற வால்வு அதைப் பிடித்து நிறுத்தும். அன்றைக்கென்று பார்த்து வால்வின் தோல் தேய்ந்து போயிருந்தது. நான் தொட்டியில் மொண்டு மொண்டு ஊற்ற, ஊற்றியதெல்லாம் அடிவழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போனது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்து என் வீட்டுக்காரர் சரிசெய்வதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிற்று. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த பங்களா அம்மா சமையல்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "தொட்டில மொண்டு தொட்டிக்கே ஊத்தறதுக்கு எதுக்குடி என்ஜினு?"

கூடைக் கூட்டம்

எங்கள் பக்கம் குட்டை இறைக்கிறார்கள் என்றால் மீன் என்று அர்த்தம். வடிகிற கால்வாயில் மண்ணைப் போட்டு அணைத்துக் கூடையை வைத்துவிடுவார்கள். என்ஜின் சத்தம் கேட்டதும் காலனி மொத்தமும் கூடையோடு வந்து கால்வாயை அடைத்துவிட்டது. சிமெண்டுத் தொட்டியில் ஏது மீன் என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அணைத்த தண்ணீர் எங்கே போகும்? கரை வழிந்து, வேலிக்கடியில் புகுந்து, கேழ்வரகில் பாய்ந்தது. கன்னியம்மா மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை திருப்பிக்கொண்டிருந்தாள். இனி இந்தப் பங்களாவில் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். கடைசியில் தொட்டி வற்றியபோது, அடியில் ஒரு சோப்புப் பெட்டி மட்டும் கிடந்தது. கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்த சூசைக் கிழவர் மனசு உடைந்து போனார். "இவ்ளோ தண்ணி கீது, ஒரு கெண்ட கூட வுடலியா? அப்பறம் இதுல இன்னாதான் பண்றாங்க?"

விசாரணை

அய்யா வந்தார். ஓஸ் குழாயைப் பார்த்தார், அவர் சொன்னபடி கால்வாயில்தான் கிடந்தது. கேழ்வரகைப் பார்த்தார், நனைந்து நின்றது. யார் தண்ணீர் விட்டது என்று என்னைக் கேட்டார். யாரும் விடவில்லை என்றேன், அது நிஜம்தானே. கால்வாயை ஏன் அடைத்தீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டார். மீனுக்கு என்றார்கள். மீன் இருப்பதாக எவன் சொன்னான் என்றதும் எல்லோரும் கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தாள். "பச்சையா இருந்திச்சே, மீனு இருக்கும்னு நெனச்சிக்கினேன் சாமி. இல்லன்னா போவுது, கால்வாய அடச்ச மண்ண நானே வாரிப் போட்டுட்றேன்."

என்ஜினை விற்றுப் பல வருஷமாகிறது. எங்காவது டீசல் வாடை அடித்தால் எனக்கு அந்த ஈரக் கேழ்வரகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வருஷத்துக்கு அடுத்த சித்திரையிலும் பங்களாவில் எங்களைத்தான் கூப்பிட்டார்கள், நாங்கள் என்ஜினை இறக்குவதற்கு முன்பே அத்தனை பேரும் கூடையோடு வந்து நின்றார்கள்.

இல்லாத மீனுக்குத்தான் என்றாலும், அய்யா பயந்த பாத்தியதை வந்தேவிட்டது.